இட்டி அச்சுதனின் சாட்சியம்

1675ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், டச்சுக்காரரின் ஆளுகையில் இருந்த கொச்சி நகரத்தில், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் தம் கைப்பட ஒரு சாட்சியம் எழுதிக் கொடுத்தார். தாம் கரப்புறத்தில் கொடக்கரப்பள்ளி என்னும் ஊரில் கொல்லாட்டு வீட்டில் பிறந்து அங்கேயே வாழும் பரம்பரை வைத்தியர் என்றும், கமாண்டர் ஹென்ட்ரிக் வான் ரீடின் ஆணைப்படி கொச்சிக்கு வந்ததாகவும் அதில் அவர் கூறுகிறார். தம்மிடம் இருந்த சுவடியில் எழுதப்பட்டவையும், நெடுநாள் வைத்தியப் பழக்கத்தில் தாமே கண்டறிந்தவையுமான மரம், செடி, கொடி, பூண்டு ஆகியவற்றின் பெயர்களையும் மருத்துவ குணங்களையும் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) இமானுவேல் கர்னேரோவிடம் சொல்லி எழுதச் செய்ததாக அந்தச் சாட்சியம் தொடர்கிறது. சில வரிகளே கொண்ட அந்த எழுத்து, 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் லத்தீன் நூலின் முதல் தொகுதியில் அவர் எழுதிய வடிவிலேயே அச்சேறியது.

கடலோடிகளின் காலத்தைப் பற்றி நாம் படிக்கும் வரலாறுகளில் கப்பல் தலைவர்களுக்கும் ஆளுநர்களுக்கும் பெயர் உண்டு. வழி காட்டியவருக்கும், மூலிகையைப் பறித்துக் கொடுத்து அதன் குணத்தைச் சொன்னவருக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை. ‘உள்ளூர்வாசி ஒருவர்’, ‘ஒரு பிராமணர்’, ‘ஒரு மூர்’ என்ற அளவில் அவர்கள் கடந்து போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு காலத்தில், உயர்சாதி என்று கொள்ளப்படாத ஈழவர் குலத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியரின் பெயரும், வீட்டுப் பெயரும், ஊரும், கையெழுத்தும் ஐரோப்பாவின் மிக விலையுயர்ந்த தாவரவியல் நூல்களுள் ஒன்றின் முகப்பில் இடம்பெற்றது எவ்வாறு என்ற கேள்வி என்னை நெடுநாளாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

‘மலபாரின் தோட்டம்’ என்று பெயர் கொண்ட அந்த நூல் 1678 தொடங்கி 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 740 தாவரங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. செப்புத் தகட்டில் வெட்டி அச்சிடப்பட்ட படங்கள் 800க்குச் சற்றுக் குறைவு. பெரிய தாளின் இரு பக்கங்களையும் நிறைத்து விரியும் அந்தப் படங்களில் இலையின் நரம்பும், பூவின் உட்பகுதியும், பிளந்த காயும், விதையும் தனித்தனியே வரையப்பட்டிருக்கும். தாவரத்தின் பெயர் லத்தீன் எழுத்தில் மட்டுமன்றி மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும் நாகரி எழுத்திலும் குறிக்கப்பட்டது. மலையாள எழுத்துக்கள் முதன்முதலாக அச்சில் தோன்றியது இந்த நூலில்தான். ஆனால் அவை வார்த்த அச்செழுத்துக்கள் அல்ல, படத்தைப் போலவே தகட்டில் வெட்டப்பட்டவை. கொல்லத்தில் தமிழ் அச்செழுத்துக்களைக் கொண்டு ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான 1578ஆம் ஆண்டுக்கும் இதற்கும் இடையே சரியாக நூறு ஆண்டுகள். இட்டி அச்சுதனின் சாட்சியம் கோலெழுத்தில் உள்ளது. கோலெழுத்து என்பது வட்டெழுத்திலிருந்து வளர்ந்த வடிவம். ஆகவே பழைய கல்வெட்டுகளோடு பழக்கம் உள்ள தமிழருக்கு அந்தப் பக்கத்தின் வளைவுகள் முற்றிலும் அந்நியமாகத் தோன்றமாட்டா.

இதற்கு முன்பும் ஐரோப்பியர் ஒருவர் இந்திய மருந்துகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். 1534இல் போர்ச்சுகலிலிருந்து கோவாவுக்கு வந்து, அங்கேயே தம் வாழ்நாளைக் கழித்த கார்சியா ட ஓர்த்தா என்ற மருத்துவர்தான் அவர். இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றி அவர் எழுதிய உரையாடல்கள் 1563இல் கோவாவிலேயே அச்சிடப்பட்டன. பழைய கிரேக்க, அரபு நூல்களில் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், கண்ணால் கண்டதையும் இங்குள்ள வைத்தியர்களிடம் கேட்டதையும் முன்வைக்கும் துணிவு அதில் இருந்தது. மாலுபா என்ற இந்து வைத்தியர் அந்த உரையாடல்களில் தோன்றிப் பேசவும் செய்கிறார். நான்கே ஆண்டுகளில், 1567இல், கிளூசியஸ் என்ற தாவரவியலாளர் அதை லத்தீனில் சுருக்கி ஆண்ட்வெர்ப்பில் வெளியிட, ஐரோப்பா முழுவதும் அது பரவியது. ஆனால் ஓர்த்தா யூத மரபில் வந்து கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் 1568இல் இறந்த மறு ஆண்டே அவருடைய தங்கை கத்தரீனா கோவாவின் மதவிசாரணை மன்றத்தால் எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். அறிவைத் தேடியவர்களுக்கு அக்காலம் கொடுத்த பரிசுகளுள் இதுவும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டே கொச்சிக்குத் திரும்ப வேண்டும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663 ஜனவரியில் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது. அந்தப் போரில் பங்கேற்று, கொச்சி ராணி கங்காதர லட்சுமியை உயிரோடு பிடித்துக் காவலில் வைத்த இளம் அதிகாரிதான் ஹென்ட்ரிக் அட்ரியான் வான் ரீட். உட்ரெக்ட் பகுதியின் பிரபுக் குடும்பத்தில் 1636இல் பிறந்து, இருபது வயதில் கம்பெனிச் சேவையில் சேர்ந்தவர் அவர். 1670இல் மலபாரின் கமாண்டராகி, 1677 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மிளகு ஒப்பந்தங்களைக் கட்டாயப்படுத்துவதும், சிற்றரசர்களின் பூசல்களில் புகுந்து ஒரு பக்கத்தை ஆதரிப்பதும் அவருடைய அன்றாட அலுவல்கள். அவரை வெறும் அறிவுத் தேடல் கொண்ட மனிதராகக் காட்டும் எழுத்துக்கள் இந்தப் பக்கத்தை மறைத்துவிடுகின்றன. எனக்கு அது உடன்பாடில்லை. வாளோடு வந்தவர்தான் அவர். அதே மனிதர் காட்டுக்குள் சென்றபோது கண்டதை வியப்போடு எழுதியிருப்பதும் உண்மை. மலபாரின் மரங்களில் பட்டை தெரியாதபடி கொடிகளும் ஒட்டுச் செடிகளும் படர்ந்திருப்பதையும், ஒரே மரத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு வகை இலைகளையும் பூக்களையும் காய்களையும் காண முடிந்ததையும் அவர் தம் முன்னுரையில் பதிவு செய்கிறார்.

நூலுக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. கம்பெனியின் வீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் தேவையான மருந்துகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாக வந்துகொண்டிருந்தன. மாதக்கணக்கில் கடலில் கிடந்து அவை வீரியம் இழந்து வந்து சேர்ந்தன. அவற்றுள் பல, முதலில் இந்தியக் கரையிலிருந்தே சென்று, பல வணிகர் கைமாறி, பழையனவாகி, விலை ஏறித் திரும்பி வந்தவை என்பதை ரீட் கவனித்தார். கோட்டைச் சுவருக்கு வெளியே வளர்வதை ஆம்ஸ்டர்டாமில் காசு கொடுத்து வாங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. இதனோடு ஓர் அலுவலகப் பகையும் சேர்ந்துகொண்டது. இலங்கையில் டச்சு ஆட்சியை நிலைநாட்டிய ரைக்லொஃப் வான் கூன்ஸ் கொழும்பையே கம்பெனியின் பெரிய மையமாக்க விரும்பினார். மலபார் அவருக்குச் செலவு வைக்கும் கரையாகத் தோன்றியது. மலபாரின் வளத்தைக் கம்பெனி இயக்குநர்களின் கண்முன் நிறுத்த ரீடுக்கு ஒரு சான்று தேவைப்பட்டது. அந்தச் சான்று ஒரு நூலாக வடிவெடுத்தது நம் நல்வாய்ப்பு.

நூல் உருவான விதம்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது. முதலில் ரீடுக்குக் கைகொடுத்தவர் மத்தேயுஸ் என்ற கார்மலைட் துறவி. நேப்பிள்ஸ் பகுதியில் பிறந்து, மேற்காசியாவில் பல ஆண்டுகள் அலைந்து, பார்த்த செடிகளையெல்லாம் வரைந்து வைத்திருந்தவர் அவர். டச்சுக்காரர் புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினியர், கொச்சியைப் பிடித்தவுடன் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றியவர்கள். ஆயினும் இந்தத் துறவிக்கு இடம் கிடைத்தது. மத்தேயுஸின் ஓவியங்கள் நினைவிலிருந்தும் அவசரத்திலும் வரையப்பட்டவையாக இருந்ததால், அவற்றை வைத்து நூல் செய்ய முடியாது என்று முடிவாயிற்று. உயிருள்ள செடியைப் பூவோடும் காயோடும் கொண்டுவந்து, முன்னால் வைத்து வரைவது என்ற புதிய முறை தொடங்கியது. ஒரே செடி பூக்கும் பருவத்தில் ஒருமுறையும் காய்க்கும் பருவத்தில் ஒருமுறையும் கொண்டுவரப்பட வேண்டியிருந்தது. மரமேறுபவர்களும் காட்டுவழி அறிந்தவர்களும் பல திசைகளுக்கு அனுப்பப்பட்டனர். கம்பெனியில் பணியாற்றிய ஓவியர்கள் கொச்சியில் அமர்ந்து வரைந்தனர்.

லத்தீனில் விவரணை எழுதும் பொறுப்பு யோஹன்னஸ் கசேரியஸ் என்ற இளம் போதகருக்கு வந்தது. இங்கே ஒரு சிறு விலகலுக்கு இடம் தருக. இந்தக் கசேரியஸ், மாணவராக இருந்தபோது ரைன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவோடு ஒரே வீட்டில் தங்கி அவரிடம் பாடம் கேட்டவர். தெக்கார்த்தின் தத்துவத்தை விளக்கி ஸ்பினோசா 1663இல் வெளியிட்ட நூலின் ஒரு பகுதி இவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடமாகத்தான் தொடங்கியது. ஸ்பினோசாவின் மாணவர் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கொச்சியில் உட்கார்ந்து தெங்கையும் கமுகையும் லத்தீனில் வருணித்துக்கொண்டிருந்தார் என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. உடல்நலம் குன்றிய கசேரியஸ் 1677இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) இறந்துபோனார். முதல் தொகுதியை அவர் அச்சில் காணவில்லை.

ஆனால் எழுதுவதற்கு முன் சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னவர்கள் இரண்டு வகையினர். ஒரு பக்கம் இட்டி அச்சுதன். மற்றொரு பக்கம் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணிப் பிராமண வைத்தியர்கள். போர்த்துகீசியரின் மதக் கெடுபிடிக்கு அஞ்சிக் கோவாவிலிருந்து வெளியேறிக் கொச்சியில் குடியேறிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சாட்சியமும் அதே ஏப்ரலில், கொங்கணி மொழியில் நாகரி எழுத்தில் எழுதப்பட்டு முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் காலையிலும் மாலையிலும் இந்தப் பணியில் ஈடுபட்டதாகவும், நிகண்டு நூலைப் பார்த்தும் கொண்டுவரப்பட்ட செடிகளைப் பார்த்தும் விவரம் கொடுத்ததாகவும் அவர்கள் சொல்கிறார்கள். இந்த வைத்தியர்கள் தமக்குள் விவாதித்துக்கொண்ட முறையை ரீட் தம் முன்னுரையில் பாராட்டுகிறார். கருத்து மாறுபட்டபோதும் அவர்கள் நிதானம் இழக்கவில்லை என்றும், முன்னோர் இயற்றிய செய்யுள்களை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லித் தம் கருத்தை நிறுவினார்கள் என்றும், மூத்தவர்களின் சொல்லுக்கு மதிப்பு அளித்தார்கள் என்றும் அவர் எழுதுவதைப் படிக்கும்போது, அந்தக் கூடத்தில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதில் ஐயம் எழுவதில்லை.

வைத்தியர் மலையாளத்தில் சொன்னதைத் துபாஷி போர்த்துகீசியத்தில் எழுதினார். அது டச்சில் பெயர்க்கப்பட்டது. பின்னர் லத்தீனுக்குச் சென்றது. போர்த்துகீசியக் கொடி இறங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் கொச்சியில் இரு தரப்பும் புரிந்துகொள்ளப் போர்த்துகீசிய மொழியே பாலமாக இருந்தது. இத்தனை மொழிகளைத் தாண்டியும் செடிகளின் மலையாளப் பெயர்கள் மட்டும் மாற்றப்படாமல் தலைப்பாகவே நின்றன. முதல் தொகுதியின் முதல் தாவரம் தெங்கு. அடுத்துக் கமுகு, கரிம்பனை என்று தொடர்கிறது.

இந்தப் பெயர்களுக்குள் ஒரு வகைப்பாடு ஒளிந்திருக்கிறது என்பதே இந்த நூலைப் பற்றி நான் அறிந்தவற்றுள் மிகவும் ஆழமான செய்தி. மரத்தின்மேல் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகளுக்கு மலையாளத்தில் ‘மரவாழை’ என்று பெயர். பன்னிரண்டாம் தொகுதியில் வரும் ஆர்க்கிட்களுக்கெல்லாம் இதுவே பொதுப் பின்னொட்டாக அமைகிறது: ஆஞ்ஞிலி மரத்தின்மேல் வளர்வது ஆஞ்ஞிலி மரவாழை, காஞ்சிரத்தின்மேல், அதாவது நாம் எட்டி என்று சொல்லும் மரத்தின்மேல் வளர்வது காஞ்சிர மரவாழை. ஒரு பொதுப்பெயரும், அதனுள் இனத்தைப் பிரிக்கும் ஒரு அடைமொழியும் சேர்ந்த இந்த அமைப்பு, ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இரட்டைப் பெயர் முறையை 1753இல் தாவரங்களுக்கு நிலைப்படுத்துவதற்கு மூன்று தலைமுறை முன்பாவது மலபார்க் கரையில் மக்கள் வழக்கில் வேர்விட்டிருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். லின்னேயஸ் இங்கிருந்து அந்த முறையை எடுத்துக்கொண்டார் என்று சிலர் ஆர்வத்தில் சொல்லிவிடுகிறார்கள்; அதற்கு ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஒரு செடியைத் தாங்கும் மரத்தையே அதன் அடையாளமாகக் கொள்வதற்கு, இரண்டையும் காட்டில் பலமுறை பார்த்த கண் வேண்டும். அந்தக் கண் மரத்தோடு நாள்தோறும் பழகியவர்களுடையது.

நூலின் அடிப்படை ஈழவ வைத்தியரின் அறிவா, பிராமணரின் நிகண்டு மரபா என்று வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. ஈழவர்களின் வகைப்பாடே நூலின் உயிர் என்று வாதிடுவோரும், அது மிகைப்படுத்தல் என்று மறுப்போரும் இருக்கிறார்கள். தலைப்புப் பெயர்கள் நிகண்டுச் சொற்களாக இல்லாமல் மக்கள் வழக்கிலுள்ள மலையாளப் பெயர்களாக இருப்பதும், அரிய காட்டுச் செடிகள் ஏராளமாக இடம்பெற்றிருப்பதும் இட்டி அச்சுதனின் பக்கம் என்னைச் சாயச் செய்கின்றன. ஈழவர்கள் தென்னையேறிக் கள்ளிறக்கும் தொழிலோடு மட்டும் இணைத்துப் பேசப்பட்ட சமூகம். அவர்களுள் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் செய்த குடும்பங்கள் இருந்தன என்பதற்கு 1675ஆம் ஆண்டின் இந்தக் கையெழுத்தைவிட வலுவான சான்று தேவையில்லை. அவர் குறிப்பிடும் சுவடி இன்று இல்லை. அது கிடைத்திருந்தால் எந்தச் சொல் அவருடையது, எந்தச் சொல் பண்டிதர்களுடையது என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டியிருக்கலாம்.

இந்தத் தோட்டம் உலகத்திலிருந்து ஒதுங்கி நின்ற தோட்டமும் அன்று. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கி இருநூறு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் மலபாரில் வேரூன்றி மலையாளப் பெயரும் பெற்றுவிட்டன. முந்திரி கப்பல்மாவு ஆயிற்று. அன்னாசி கப்பல்சக்கை ஆயிற்று. மிளகாய் கப்பல்மிளகு ஆயிற்று. மிளகுக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் கப்பலிலேயே மிளகின் இடத்தைச் சமையலறையில் பிடிக்கப்போகும் செடியும் வந்து சேர்ந்ததை இந்தப் பெயர் காட்டிக்கொடுக்கிறது. பப்பாளியும் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. வைத்தியர்கள் இவற்றை அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்காமல் தெங்கும் கமுகும் இருந்த அதே தோட்டத்தில் இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

கையெழுத்துப் படிகளும் ஓவியங்களும் ஹாலந்து சென்றபின் நூலின் இரண்டாம் வாழ்க்கை தொடங்குகிறது. லெய்டன் பேராசிரியர் ஆர்னால்ட் சையன் முதல் தொகுதிக்கு விளக்கக் குறிப்பு எழுதினார். 1678இலேயே அவர் இறந்துவிட, அடுத்து வந்த தொகுதிகளில் ஆம்ஸ்டர்டாமின் யான் கொமெலின் அப்பணியை ஏற்றார். மலபார்ச் செடி ஒவ்வொன்றும் ஐரோப்பியர் முன்பே அறிந்த எந்தச் செடிக்கு உறவு என்பதே அவர்களுடைய கவலை. பின்னர் வந்த லின்னேயஸ், தாம் நம்பிப் பயன்படுத்திய மிகச் சில நூல்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார். நூற்றுக்கணக்கான தாவரங்களுக்குப் பெயரிட இந்தப் படங்கள் பயன்பட்டன. ரீடின் குழு உலர்த்திய செடிகளைப் பாதுகாத்து விட்டுச்செல்லாததால், பல இனங்களுக்கு இந்த அச்சுப் படமே பெயரின் மூல ஆதாரமாக இன்றும் தாவரவியலில் மதிக்கப்படுகிறது.

சில சொற்கள் அந்தப் பயணத்தில் தப்பிப் பிழைத்தன. பாவட்டை ‘பவெட்டா’ என்ற பேரினப் பெயராக நிலைத்தது. ஏலக்காய்க்கு நூலில் இருந்த ‘ஏலத்தரி’ என்ற பெயர், 1811இல் ‘எலெட்டாரியா’ ஆயிற்று. செண்பகமும் பிலிம்பியும் இனப்பெயர்களில் ஒட்டிக்கொண்டன. ஆனால் மருத்துவக் குறிப்புகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஒவ்வொரு செடியின் விவரணைக்கும் இறுதியில், எந்தப் பகுதியை எதனோடு அரைத்து அல்லது காய்ச்சி எந்த நோய்க்குக் கொடுப்பது என்ற குறிப்பு இருந்தது. வைத்தியர்கள் கொச்சிக்கு வரவழைக்கப்பட்டதே அதற்காக. ஐரோப்பியத் தாவரவியலுக்கோ பூவின் இதழும் மகரந்தத் தாளுமே வேண்டியிருந்தன; சாற்றின் குணத்தை அது திரும்பிப் பார்க்கவில்லை. ரீடின் தொடக்க நோக்கத்தையே அவருடைய வாசகர்கள் கைவிட்டார்கள்.

ரீடின் பிற்காலமும் நம் கரையைத் தொட்டுச் செல்கிறது. 1684இல் கம்பெனி அவரைத் தன் மேற்குப் பகுதி நிலையங்களையெல்லாம் ஆய்வு செய்யும் ஆணையராக நியமித்தது. சோழமண்டலக் கரையில் டச்சுத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது அவருடைய முடிவால்தான். 1691 டிசம்பரில், சூரத்தை நோக்கிச் சென்ற கப்பலில், பம்பாய்க்கு அருகே கடலிலேயே அவர் இறந்தார். கடைசி இரண்டு தொகுதிகள் அதன் பிறகே அச்சாயின. சூரத்தின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு எழுப்பப்பட்ட பெரிய மண்டபத்தை இன்றும் காணலாம். இட்டி அச்சுதனுக்கு அப்படி ஒன்று எழவில்லை. சேர்த்தலைக்கு அருகில், சாட்சியத்தில் கொடக்கரப்பள்ளி என்று வரும் கடக்கரப்பள்ளியில் அவர் குடும்பத்தின் விளக்கு வைக்கும் சிறு குரியாலை மட்டும் மக்களால் போற்றிக் காக்கப்படுகிறது.

மலையாளத்தில் சொல்லப்பட்ட இந்த அறிவு மலையாளத்தில் படிக்கக் கிடைப்பதற்கு 330 ஆண்டுகள் ஆயின. கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கா. சு. மணிலால் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். அவர் லத்தீன் கற்றார். நூலில் சொன்ன இடங்களுக்குச் சென்று செடிகளை மீண்டும் தேடி எடுத்தார். ஒவ்வொன்றின் இன்றைய பெயரையும் உறுதிப்படுத்தினார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் 2003இலும் மலையாளப் பதிப்பு 2008இலும் கேரளப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டன. ஐரோப்பியர் விட்டுச்சென்ற மருத்துவக் குறிப்புகள் அவர் மூலம் மீண்டும் வைத்தியர்களின் கைக்கு வந்தன. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் காலமானார். கடல்வழி கண்டவர்களைப் பற்றிய பாடம் நம் பள்ளிகளில் நடக்கும்போது இட்டி அச்சுதனின் பெயரோடு மணிலாலின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு, அதைத்தான் கடைசியாகச் சொல்ல விரும்புகிறேன். ரீடின் இறுதித் தொகுதி வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கில அறுவை மருத்துவர் சாமுவேல் பிரவுன், 1696 வாக்கில், சுற்றுப்புறச் செடிகளைப் பறித்து உலர்த்தி, தாளில் ஒட்டி, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் பயன்களையும் குறித்து லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வணிகர் தம் குறிப்புகளோடு அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அந்தச் செடிகள் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பில் சேர்ந்து, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. கொச்சியில் வைத்தியரின் கையெழுத்து நிலைத்தது, செடி நிலைக்கவில்லை. சென்னையில் செடி நிலைத்தது, பெயரைச் சொன்ன தமிழ் வைத்தியர்களுக்கு இட்டி அச்சுதனின் சாட்சியம் போன்ற ஒரு பக்கம் அமையவில்லை. ஆங்கிலக் காது கேட்டு எழுதிய அந்தப் பெயர்களைத் தமிழாக மீட்டெடுக்கத் தாவரவியலும் சித்த மருத்துவ நூல்களும் வடதமிழ்நாட்டுப் பேச்சு வழக்கும் ஒருசேரத் தெரிந்தவர்கள் வேண்டும். அத்தகைய இளைஞர் யாரேனும் இந்தப் பதிவைப் படித்தால், பிரவுனின் செடிகளைப் பற்றிப் பெட்டிவர் எழுதிய பக்கங்களிலிருந்து தொடங்குமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.